கேப்டன் லட்சுமி பேச்சுப் போட்டி: காதலை எடுத்துவிடச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கத்திரிவெயில்:
வணக்கம். வழக்கமாக இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள் நான், இழை தொடங்குவது இதுதான் முதல்முறை. அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பேச்சுப் போட்டி, தலைப்பு "கடல் கடந்து போரிட்ட வீராங்கனை". நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்கள் படையை நடத்திய கேப்டன் லட்சுமியை அவள் எடுத்துக்கொண்டாள். நானும் உதவி செய்தேன். ஐந்து நிமிடப் பேச்சு. மூன்று பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் காட்டியதில் ஆசிரியை இரண்டு இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார். ஒன்று, முதல் திருமணம் முறிந்தபின் சிங்கப்பூர் போனார் என்ற வரி. இன்னொன்று, பர்மாவில் அதே ராணுவத்தின் அதிகாரி பிரேம் குமார் சைகலோடு காதல் மலர்ந்து 1947 மார்ச்சில் லாகூரில் கல்யாணம் என்ற பத்தி. "வீரத்தைப் பேசு, மற்றது வேண்டாம்" என்று ஓரத்தில் குறிப்பு. பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. எனக்கென்னவோ அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சிலைக்குக் கீழே செதுக்கும் வாசகம் மாதிரி ஆகிவிடும் என்று தோன்றுகிறது. நான் சொல்வது தப்பா? கூடவே தகவல் பிழை ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

சுண்டல்பொட்டலம்:
பதினொன்றாம் வகுப்பில் காதல் என்ற சொல்லே அபாயம்தான் சகோ. குறுந்தொகை நடத்தும்போது என்ன செய்வார்கள் என்றுதான் எனக்கு எப்போதும் சந்தேகம்.

வாய்க்காவரப்பு:
ஆசிரியை சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஒரு ஆண் தளபதியைப் பற்றிப் பேசினால் அவருடைய கல்யாணத்தை யாராவது பேசுகிறோமா? பெண் என்றவுடன் யாரைக் காதலித்தார், யாரைப் பிரிந்தார் என்று கிளம்பிவிடுகிறோம். அந்த அம்மாவை ஒரு காதல் நாயகியாக ஆக்க வேண்டாமே. இன்னொன்று, சைகல் இருந்ததால்தான் ராணுவத்துக்குப் போனார் என்று எங்கோ படித்த ஞாபகம். அது உண்மையென்றால் கதையே வேறு மாதிரி ஆகிவிடும்.

நூலகப்பூனை:
வரப்பு, முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் பாதி சுத்தத் தவறு, தேதிகளை வரிசையாக வைத்தாலே விழுந்துவிடும்.

லட்சுமி பிறந்தது 1914 அக்டோபர் 24, சென்னையில். அப்பா எஸ். சுவாமிநாதன், பெரிய கிரிமினல் வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன், கேரளத்து ஆனக்கரையின் வடக்கத்து நாயர் குடும்பம், பிற்பாடு அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். ராணி மேரிக் கல்லூரி, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி, 1938-ல் எம்.பி.பி.எஸ்., அதன் மேல் மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமா. பி.கே.என். ராவ் என்ற விமானியோடு நடந்த கல்யாணம் சரிப்படவில்லை. 1940-ல் சிங்கப்பூர் போனார். போகும்போது 25 வயது. அங்கே ஒரு கிளினிக். வந்ததில் பெரும்பாலோர் கையில் காசில்லாத நம் கூலித் தொழிலாளிகள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. நேதாஜி வந்து இறங்கியது 1943 ஜூலை 2. பெண்களைப் படையில் சேர்க்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அவரைப் பார்க்க வேண்டும் என்று நேரம் கேட்டது லட்சுமிதான். பேசி முடித்து வெளியே வரும்போது ஜான்சி ராணிப் படை என்ற ஒரு பெண்கள் படையையே உருவாக்கும் பொறுப்பு அவர் கையில் இருந்தது. ஜூலை 12 பெண்கள் கூட்டத்தில் புடவை கட்டிய இருபது பெண்கள் துப்பாக்கி ஏந்தி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். அதெல்லாம் அவர் முடிவு. சைகலோடு நெருக்கம் வந்தது அதன் பிறகு. அவர் நேதாஜியின் ராணுவச் செயலாளராக இருந்தார், இவர் பெண்கள் படைத் தலைவி, நேதாஜி அமைத்த தற்காலிக அரசான ஆஸாத் ஹிந்த் அரசில் பெண்கள் துறையும் இவரிடம். வேலை நிமித்தம் தினமும் எதிரே எதிரே வந்து நிற்க வேண்டிய இரண்டு பேர். அங்கே தொடங்கியதுதான்.

இன்னொரு சின்ன விஷயம், சைகல் பிறந்தது 1917. லட்சுமிக்கு இரண்டரை வயது இளையவர். இதை மட்டும் அந்த ஆசிரியையிடம் சொல்லிவிடாதீர்கள், மூன்றாவது கோடு விழும்.

கத்திரிவெயில்:
ஐயா, நன்றி. பேச்சில் "இம்பால் போர்க்களத்தில் துப்பாக்கியோடு முன்னணியில் நின்றார்" என்று ஒரு வரி இருக்கிறது. அது சரிதானே?

நூலகப்பூனை:
அதை எடுங்கள். இதற்குத்தான் சிவப்புக் கோடு விழுந்திருக்க வேண்டும், விழவில்லை பாருங்கள். ஜான்சி ராணிப் படை முன்னணியில் சண்டை போடவில்லை. பயிற்சியெல்லாம் முழுதாக நடந்தது. துப்பாக்கி, துப்பாக்கிக் கத்தி, இரவு நடை, வரைபடம் படிப்பது, எல்லாம். 1944-ல் ஒரு பகுதியினர் பர்மா போனார்கள், ரங்கூன், அப்புறம் மலை மேல் இருக்கும் மேமியோ. ஜப்பானியரும் ஐ.என்.ஏ.வும் நடத்திய இம்பால் முற்றுகை மார்ச்சில் தொடங்கி ஜூலையில் உடைந்தது. அந்த மாதங்களில் மேமியோவுக்கு வந்து சேர்ந்தது வெற்றிச் செய்தி அல்ல, மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பட்டினியுமாகத் திரும்பிய ஆண்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டதுதான் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த போர். அதை எழுதினாலே போதும், கைதட்டல் வரும்.

இரவுப்பணி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் மகப்பேறு மருத்துவர். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில்தான் (இப்போது கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை) பயிற்சிக் காலம். லட்சுமி அங்கே வேலை பார்த்தவர் என்பது எங்கள் பேட்சில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் ஒரு மூத்த நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரியும்.

பேச்சைப் படித்தால் அவர் ஏதோ டாக்டர் வேலையை உதறிவிட்டு ராணுவத்துக்குப் போனதுபோல வரும், எல்லாக் கட்டுரையிலும் அப்படித்தான் வருகிறது. என்னைக் கேட்டால் அவர் டாக்டர் வேலையை ஒருநாளும் விடவில்லை. மேமியோவில் என்ன மருந்து இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானிய சப்ளை அறுந்துபோன நேரம். ரத்தமும் சளியுமாகப் போகிற ஒரு ஆளுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக ராத்திரி முழுக்க ஊற்றிக்கொண்டு உட்கார்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு வெள்ளத்தின்போது முகாமில் மூன்று ராத்திரி அதைத்தான் செய்தேன். கரண்டியைத் தவிர கையில் ஒன்றும் கிடையாது. நாலு மணிக்கு அந்த ஆள் கண்ணைத் திறந்து "கொஞ்சம் சோறு கிடைக்குமா" என்று கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை (இதை என் வீட்டுக்காரர் படிக்க மாட்டார், தைரியமாக எழுதுகிறேன்).

அந்த மாதிரி வேளையில் பக்கத்தில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு ஆள் இருந்தால் அவர்மேல் ஒரு மரியாதை வரும். அதுதான் பிற்பாடு வேறாக மாறுவது. பூவும் கடிதமும் கொடுத்து வருகிற காதல் இல்லை இது. அதனால்தான் எடுக்க வேண்டாம் என்கிறேன்.

வாய்க்காவரப்பு:
சரி டாக்டரம்மா, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி. அந்தப் படையில் இருந்தது லட்சுமி மட்டுமா? மலாயா ரப்பர் தோட்டத்துப் பெண்கள் எத்தனை பேர். அவர்களில் ஒருத்தி பெயராவது நமக்குத் தெரியுமா? வக்கீல் மகள், டாக்டர், அழகு, ஆங்கிலம், காதல், அதனால் அவர் கதை நின்றது. தோட்டத்துப் பெண் சாப்பாட்டுக்காகச் சேர்ந்தாள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

பெரட்டுக்களம்:
வணக்கம், மலேசியா பேராக்கிலிருந்து எழுதுகிறேன். வரப்பு அண்ணன் கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் போல.

எங்கள் பாட்டியின் அக்கா அந்தப் படையில் இருந்தவர். பெரியாயி என்றுதான் எங்களுக்குப் பழக்கம். கித்தாக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) பிறந்தவர், எட்டு வயதிலேயே பால் வாளி தூக்கப் போனவர். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் வாங்க ஆள் இல்லை, வேலை இல்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான்காரன் வாழைமரம் அச்சடித்து விட்ட நோட்டை மூட்டையாகக் கொண்டுபோனால் ஒரு கைப்பிடி உப்பு. ஆண்களைப் பிடித்து சயாம் (இப்போதைய தாய்லாந்து) மரண ரயில் போட அனுப்பினான். 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்தது. அதே அக்டோபரில், 22-ஆம் தேதி, சிங்கப்பூரில் ஜான்சி ராணி முகாம் திறந்தார்கள். பெரியாயியின் அண்ணன் சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஆண் இல்லை, சோறு இல்லை, ராத்திரி கதவைத் தட்டினால் யார் என்று தெரியாது. இந்த நிலையில் ஒரு பெண் கையில் துப்பாக்கி கொடுக்கிறேன் வா என்றால் போகமாட்டாளா? சாப்பாட்டுக்குப் போனாள் என்று சொல்கிறவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். பசிக்குத்தான் போனார், ஆமாம். போன பிறகு அவரை முதல்முறையாக ஒருத்தர் "நீங்கள்" என்று கூப்பிட்டார்களாம். கங்காணி "ஏய்" என்றும் துரை விரலை ஆட்டியும் கூப்பிட்டுப் பழகிய ஆளுக்கு அது எப்படி இருந்திருக்கும். இதை அவர் சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் சொல்வார், "நீங்க-ன்னாங்கடா" என்று.

கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில். பாடமும் ரோமன் எழுத்தில் எழுதிய இந்துஸ்தானி. பெரியாயிக்குத் தமிழே எழுதத் தெரியாது, அங்கே போய் இதைக் கற்றுக்கொண்டார். கடைசிவரைக்கும் அவருக்குத் தெரிந்த இந்தி அந்தக் கட்டளைகள் மட்டும்தான். நாங்கள் சின்னப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடினால் சமையலறையிலிருந்து "சாவ்தான்!" (நேராக நில்) என்று ஒரு குரல் வரும். நின்றுவிடுவோம். அது ஏதோ கெட்ட வார்த்தை என்றே பத்து வயதுவரை நினைத்திருந்தேன்.

சுண்டல்பொட்டலம்:
"சாவ்தான்" தமிழ்க் காதுக்கு உண்மையிலேயே கெட்ட வார்த்தை மாதிரித்தான் கேட்கும் 😄

கத்திரிவெயில்:
பெரட்டுக்களம் அண்ணே, அவங்களுக்குக் கல்யாணம்? படையில் இருந்தபோதா, பிறகா? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இழையே அதைப் பற்றித்தானே.

பெரட்டுக்களம்:
இதில் என்ன தம்பி தப்பு. முகாமுக்குள் காதல் கீதல் எல்லாம் நடக்கவே நடக்காது என்பார். காவலுக்கும் பெண்களே, அப்பா பார்க்க வந்தால்கூட வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்களாம். அவர் பர்மா போகவில்லை, சிங்கப்பூரிலேயே இருந்தார். 1945-ல் எல்லாம் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பினால் தலைமுடி கழுத்தளவு. அந்த முடியைப் பார்த்தே ஊரில் பேச்சு. "பட்டாளத்துக்குப் போனவ" என்று பெண் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. இரண்டு வருடம் அப்படியே. அப்புறம் பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டிய ஒருத்தர், அவரும் ஐ.என்.ஏ.வில் ஓட்டுநராக இருந்தவர், பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்க) நிற்கும்போது பெரியாயி மட்டும் குதிகாலைச் சேர்த்து நேராக நிற்பதைப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து மெதுவாக "ஆராம் சே" (தளர்ந்து நில்) என்றாராம். பெரியாயி திரும்பிப் பார்க்காமலேயே காலை அகற்றி நின்றார். அவ்வளவுதான். மறு மாசம் வெற்றிலை பாக்கோடு ஆள் வந்துவிட்டது.

நான் இதைத் தாத்தாவிடம் கேட்டபோது அவர் "பொய், நான் ஒண்ணும் சொல்லல, இருமினேன்" என்பார். ஐம்பது வருடம் இதே சண்டை.

இரவுப்பணி:
ஐயோ, இருமினேன்!! நைட் ட்யூட்டியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

நூலகப்பூனை:
பெரட்டுக்களம், இதை எங்காவது எழுதி வையுங்கள். உங்களைப் போன்றவர்கள் எழுதாததால்தான் படையில் எத்தனை பேர் என்பதற்கே இன்றுவரை சண்டை. ஆயிரம் என்பது பரவலாக எழுதப்படும் கணக்கு, பின்னால் ஆராய்ந்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவு என்கிறார்கள்.

வரப்பு கேட்ட பெயர்கள்: ஜானகி தேவர், கோலாலம்பூர். நேதாஜி பேச்சைக் கேட்கப் போன இடத்தில் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர். வயது 18. அப்பா சம்மதிக்கவில்லை, லட்சுமியே வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துக்கொண்டே பேசி அப்பாவை மடக்கினார். ரங்கூனில் பெண்கள் படையின் பொறுப்புக்கு வந்தார், 2000-ல் பத்மஸ்ரீ வாங்கினார், 2014-ல் காலமானார். ராசம்மா பூபாலன், சேரும்போது 16 வயது, பிற்பாடு மலேசியாவில் பெரிய பள்ளித் தலைமையாசிரியை, தொழிற்சங்கத் தலைவி. ஆனால் இவர்களும் படித்த, ஓரளவு வசதியான வீட்டுப் பெண்கள்தான். எனவே உங்கள் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது.

1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுக் கிளம்பிய பின்வாங்கலில் நேதாஜி இந்தப் பெண்களை விட்டுவிட்டுப் போக மறுத்தார். லாரி கொஞ்ச தூரம், சித்தாங் ஆற்றைக் கடந்த பிறகு பெரும்பாலும் ராத்திரி நடை, மேலே விமானம் சுற்றும். ரயில் மீது நடந்த ஒரு தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். பேச்சில் இடம் இருந்தால் இந்த இரண்டு பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள், யாருமே சொல்வதில்லை.

வாய்க்காவரப்பு:
லட்சுமி அந்த நடையில் இருந்தாரா?

நூலகப்பூனை:
இல்லை. அவர் பர்மாவிலேயே மருத்துவமனை வேலையில் தங்கிவிட்டார், அங்கேதான் பிடிபட்டார். சைகல் அதற்கு முன்பே போப்பா மலைப் பக்கம் இரண்டாவது படைப்பிரிவை நடத்தப் போய்விட்டார். 1945 ஏப்ரல் 28-ல் சரணடைந்தார். இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. அவரை டெல்லி செங்கோட்டையில் நிறுத்தி விசாரணை. நவம்பர் 5-ல் தொடக்கம். கூட ஷா நவாஸ் கான், குர்பக்ஷ் சிங் தில்லான். வாதாடியவர் புலாபாய் தேசாய், நேரு பல வருடம் கழித்து வக்கீல் கவுன் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தெருவெல்லாம் "சைகல், தில்லான், ஷா நவாஸ்" என்று கோஷம். ஆயுள் முழுக்க நாடு கடத்தல் என்று தீர்ப்பு, ஊர் கொந்தளித்த கொந்தளிப்பில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரியில் அந்தத் தண்டனையை ரத்து செய்தார். இவ்வளவும் நடக்கும்போது லட்சுமி பர்மாவில் காவலில். அவரை இந்தியாவுக்கு அனுப்பியது மார்ச் 1946. நாடே அந்த ஆளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் மட்டும் பக்கத்தில் இல்லை.

அப்புறமும் உடனே கல்யாணம் இல்லை, ஒரு வருடம் போயிற்று. இந்துத் திருமணச் சட்டம் வந்ததே 1955-ல்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முறிந்த கல்யாணத்திலிருந்து வெளியே வருவது அன்றைக்கு இன்றுபோல் இல்லை.

இரவுப்பணி:
லாகூர் ஏன் என்று பிள்ளைக்கு விளக்கிவிடுங்கள், யாராவது கேட்பார்கள்.

நூலகப்பூனை:
சைகல் குடும்பம் அங்கே. அப்பா அச்ரு ராம், நீதிபதி. பிற்பாடு கோட்சே மேல்முறையீட்டை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் (மகன் ராஜத்துரோக வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர், அப்பா இந்த வழக்கில் பெஞ்சில். வேறென்ன சொல்ல). கல்யாணம் நடந்த அதே 1947 மார்ச்சில்தான் பஞ்சாபில் கலவரம் வெடித்தது. ஐந்து மாதத்தில் லாகூர் வேறு நாடு. இவர்கள் கான்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அகதிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், லட்சுமி மறுபடி கையில் ஸ்டெதஸ்கோப்போடு. இரண்டு மகள்கள், சுபாஷினி, அனிசா. மூத்தவருக்கு யார் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. 1971-ல் வங்க அகதிகள் முகாம், 1984-ல் போபால், 2002-ல் அப்துல் கலாமை எதிர்த்து ஜனாதிபதி தேர்தல். 2012 ஜூலை 23-ல் 97 வயதில் கான்பூரில் காலமானார், உடலை மருத்துவக் கல்லூரிக்கே எழுதிக் கொடுத்திருந்தார். படையில் லெப்டினன்ட் கர்னல் வரை பதவி உயர்வு வந்தும் கடைசிவரை கேப்டன்தான். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பிரசவத்துக்கு வந்தவள், எல்லோருக்கும்.

வாய்க்காவரப்பு:
சரி, நான் முதலில் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆண் தளபதியின் கல்யாணத்தைப் பேசுவதில்லை என்ற பாதி அப்படியே இருக்கட்டும். செங்கோட்டைப் படங்களில் சைகல் நிற்பார், யாரும் "அவருக்கு நிச்சயமான பெண் எங்கே" என்று கேட்டதில்லை, பாருங்கள்.

முதல் திருமணத்தை எடுக்கவே கூடாது என்பேன். 1940-ல் ஒரு மெட்ராஸ் பெண் புருஷனை விட்டுவிட்டுத் தனியாகக் கப்பல் ஏறினாள் என்பது, துப்பாக்கி பிடித்ததைவிடக் கொஞ்சமும் குறைந்த தைரியம் இல்லை. தங்கை மிருணாளினிக்கு 1942-ல் விக்ரம் சாராபாயோடு கல்யாணம் நடந்தபோது அக்கா ஜப்பானியர் பிடித்த ஊரில் இருக்கிறார், வாழ்த்துக் கடிதம்கூட வந்து சேராத காலம்.

கத்திரிவெயில்:
எல்லோருக்கும் நன்றி. அக்காவும் நானும் ஆசிரியையைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனுஷிதான், அவருக்கும் மேலே யாரோ இருக்கிறார்கள். "காதல்" என்ற சொல் இல்லாமல் "மணந்தார்" என்று மட்டும் வந்தால் பரவாயில்லை, முதல் திருமணம் ஒரு வரி இருக்கட்டும் என்றார். இம்பாலை எடுத்துவிட்டு மேமியோவைப் போட்டாயிற்று. ஸ்டெல்லா, ஜோசபின் பெயரும் உண்டு. வெள்ளிக்கிழமை போட்டி.

சுண்டல்பொட்டலம்:
காதல் வேண்டாம், "இருமினார்" என்று போடச் சொல்லுங்கள்.

கத்திரிவெயில்:
முடிந்தது. இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியது வேலு நாச்சியார், அவர் கடலே கடக்கவில்லை என்று இவள் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் நடந்த கூத்தைக் கேளுங்கள். மேமியோ ஆஸ்பத்திரியில் நின்று நிதானமாகப் பேசினாள், டாக்டரம்மா சொன்ன கரண்டித் தண்ணீரைக் கேட்டு அரங்கில் ஒரு சத்தம் இல்லை. அதில் நேரம் போய்விட்டது. செங்கோட்டைக்கு வந்து, "ஆயுள் முழுக்க நாடு கடத்தல் என்று தீர்ப்பு" என்று சொல்லி மூச்சு வாங்கினாள், மணி அடித்துவிட்டார்கள். வணக்கம் சொல்லி இறங்க வேண்டியதாகிவிட்டது. ஆக்கின்லெக் வரவில்லை, லாகூர் வரவில்லை. இவ்வளவு பேசி அனுமதி வாங்கிய கல்யாணம் நடக்கவே இல்லை.

சாயங்காலம் ஆசிரியை அக்காவுக்கு ஃபோன் செய்தாராம். பரிசுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அப்புறம் அவங்க ரெண்டு பேரும் எப்போ பார்த்துக்கிட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

பெரட்டுக்களம்:
சாவ்தான்! 😄 இந்த இழையை அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள் தம்பி.